ஆங்கில இலக்கணம்: தமிழும் இங்கிலீஷும் பிரியும் எட்டு இடங்கள்

"எல்லாம் புரியுது... ஆனா வாயைத் திறந்தா இங்கிலீஷ் வர மாட்டேங்குது!"

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அடிக்கடி காதில் விழும் வரி இது. இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர் தூரம். காலை நேரத்து பஸ்ஸில் படியில் தொங்கும் கூட்டத்தில் பாதிக்கு மேல் மாணவர்கள். அவர்களில் நிறையப் பேர் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவர்கள்.

வணிகவியல் மாணவனின் நிலைமையை எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூவில் அவன் படித்தது பற்று, வரவு, குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு. பி.காம். முதல் நாளில் அவையே டெபிட், கிரெடிட், ஜர்னல், லெட்ஜர், டிரையல் பேலன்ஸ் என்று வந்து நிற்கின்றன. கணக்கு அதே கணக்குதான். எண்களும் அதே எண்கள்தான். ஆனால் விடை தெரிந்தும் அவன் கையைத் தூக்குவதில்லை. எழுந்து நின்றால் இங்கிலீஷில் சொல்ல வேண்டுமே! விடை தெரியாது போலிருக்கிறது என்று ஆசிரியர் நினைக்கிறார். ஒரு வருடம் போனதும் அவனே அப்படி நம்பத் தொடங்கிவிடுகிறான். உண்மையான நஷ்டம் இதுதான். மார்க் குறைந்தால் அடுத்த செமஸ்டரில் பிடித்துவிடலாம். தன்னைப் பற்றித் தானே போட்ட தப்புக் கணக்கைத் திருத்துவது அவ்வளவு சுலபமில்லை.

மூன்று வருடம் முடிந்ததும் ஆடிட்டர் ஆபீஸ் வேலையோ, கம்பெனி இன்டர்வியூவோ, வங்கித் தேர்வோ வரும். வங்கி கிளார்க், பி.ஓ. வேலைக்கான ஐ.பி.பி.எஸ். முதல்நிலைத் தேர்வில் 100 மதிப்பெண்ணில் 30 ஆங்கிலத்துக்கு. அங்கேயும் இதே பயம் குறுக்கே நிற்கும்.

சரி, இந்தப் பயத்துக்கு என்ன காரணம்? கிராமர் என்றால் ஏதோ புதிதாக மலையளவு விதிகளை மனப்பாடம் செய்யவேண்டும் என்ற எண்ணம். ஆனால் தமிழ் தெரிந்த ஒருவருக்கு எழுவாய், பயனிலை, செயப்படுபொருள், வேற்றுமை, மூன்று காலம், செய்வினை, செயப்பாட்டு வினை எல்லாம் பள்ளியிலேயே படித்த சங்கதிகள். இங்கிலீஷிலும் இருப்பது இவையேதான். இரண்டு மொழிகளும் பல இடங்களில் சேர்ந்தே நடக்கின்றன, சில இடங்களில் பிரிகின்றன. தப்பு வருவது பெரும்பாலும் அந்தப் பிரியும் இடங்களில். அந்த இடங்களை மட்டும் முதலில் பார்த்து வைத்துக்கொண்டால் பயத்தில் பாதி போய்விடும்.

இது புது வழியும் அல்ல. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் தமிழ் கற்றது இப்படித்தான். தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழுக்கு லத்தீனில் ஓர் இலக்கண நூல் எழுதினார், அது 1716ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் எழுதிய 'கொடுந்தமிழ்' இலக்கணம் 1738ல் தரங்கம்பாடியில் அச்சேறியது. 1839ல் வந்து சாயர்புரத்தில் பணியாற்றிய ஜி.யு. போப், ஆங்கிலேயர்கள் தமிழ் கற்பதற்கென்றே கையேடு எழுதினார். பிறகு 1886ல் திருக்குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். தங்களுக்குத் தெரிந்த மொழியிலிருந்தே அவர்கள் தெரியாத மொழிக்குப் பாலம் போட்டார்கள். அதே பாலத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகக் கூடாதா என்ன?

வாருங்கள், அந்த எட்டு இடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. இடம் மாறினால் பொருள் மாறும்

"ராஜபாளையம் நாய் திருடனைக் கடித்தது." இதை "திருடனை ராஜபாளையம் நாய் கடித்தது" என்றும் சொல்லலாம். "கடித்தது திருடனை, ராஜபாளையம் நாய்" என்று பத்திரிகைத் தலைப்பு மாதிரியும் சொல்லலாம். எப்படிப் புரட்டினாலும் கடி வாங்கியவன் திருடன்தான். காரணம், 'திருடனை' என்பதில் ஒட்டியிருக்கும் 'ஐ'. இரண்டாம் வேற்றுமை உருபு என்று படித்தது இதைத்தான்.

இங்கிலீஷில் இந்த ஒட்டு கிடையாது. அங்கே யார் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பதே உருபு. "தி டாக் பிட் தி தீஃப்" என்றால் நாய் கடித்தது. டாக், தீஃப் இரண்டையும் இடம் மாற்றினால் திருடன் நாயைக் கடித்துவிடுவான்! அதனால் வரிசையை முதலில் பிடியுங்கள்: எழுவாய், அடுத்து வினை, அதற்கடுத்து செயப்படுபொருள். தமிழில் கடைசியில் வரும் வினை அங்கே நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கும் இதே சங்கடம்தான். தெலுங்கிலும் வினை கடைசியில்தான் வரும். தமிழும் தெலுங்கும் ஒரே குடும்பத்து மொழிகள் என்பதைக் கால்டுவெல் 1856ல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் விரிவாகக் காட்டினார். இங்கிலீஷ் வேறு குடும்பத்து மருமகள். அதன் பழக்கவழக்கம் வேறு.

2. எழுவாயை மறைக்க முடியாது

"வந்தேன்." தமிழில் இது ஒரு முழு வாக்கியம். வந்தது யார் என்பதை 'ஏன்' விகுதி சொல்லிவிடுகிறது. வந்தான், வந்தாள், வந்தோம் எல்லாம் அப்படியே. இங்கிலீஷில் "கேம்" என்று மட்டும் சொன்னால் யார் வந்தார்கள் என்று தெரியாது. "ஐ கேம்" என்று ஆளை வெளியே நிறுத்தியாக வேண்டும்.

இந்தக் கட்டாயம் எதுவரை போகிறது தெரியுமா? "மழை பெய்கிறது" என்பதற்கு "இட் இஸ் ரெயினிங்" என்கிறார்கள். இந்த 'இட்' யார்? யாருமில்லை! எழுவாய் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக உட்கார வைத்த ஆள். "இட் இஸ் டென் ஓ'க்ளாக்" என்பதிலும் அதே ஆள்தான்.

3. வினை இல்லாமல் வாக்கியம் இல்லை

"அவர் ஆசிரியர்." தமிழில் முழு வாக்கியம். இதில் வினைச்சொல் எங்கே? இல்லை. பெயர்ப் பயனிலை என்று இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷில் "ஹீ டீச்சர்" என்று நிறுத்த முடியாது. "ஹீ இஸ் எ டீச்சர்." இந்த இஸ், ஆம், ஆர், வாஸ், வேர் எல்லாம் ஒரே வினைச்சொல்லின் வேறு வேறு உருவங்கள்.

வணிகவியல் மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். இத்தாலியில் லூகா பாசியோலி 1494ல் அச்சிட்ட கணிதப் புத்தகத்திலிருந்து இன்றைய கம்ப்யூட்டர் கணக்கு வரை இரட்டைப் பதிவின் அடிப்படை ஒன்றுதான்: ஒரு பக்கம் மட்டும் எழுதினால் கணக்கு நிற்காது. இங்கிலீஷ் வாக்கியமும் அப்படியே. எழுவாய் ஒரு பக்கம், வினை மறு பக்கம். இரண்டில் ஒன்று விடுபட்டால் டேலி ஆகாது.

இதன் மறுபக்கமும் உண்டு. 'ஆம்' போட வேண்டும் என்று தெரிந்ததும் எல்லா இடத்திலும் போட்டு "ஐ ஆம் கோ" என்று சொல்பவர்கள் உண்டு. 'ஆம்' ஏற்கெனவே ஒரு வினை. 'கோ' இன்னொரு வினை. ஒரே தொகையை இரண்டு முறை பதிந்தது போல ஆகிவிடும். "ஐ கோ" என்று சொல்லுங்கள், அல்லது "ஐ ஆம் கோயிங்" என்று சொல்லுங்கள்.

4. அந்த ஒற்றை 'எஸ்'

ஐ கோ, யூ கோ, வீ கோ, தே கோ. ஆனால் ஹீ கோஸ், ஷீ கோஸ், இட் கோஸ். தமிழில் ஒவ்வொருவருக்கும் ஒரு விகுதி: போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது, போகிறார்கள். இத்தனையையும் பிழையில்லாமல் சொல்லும் ஒருவர், ஒரே ஒரு 'எஸ்'ஸுக்குப் பயப்படுவது வேடிக்கை இல்லையா?

சிக்கல் கேள்வியிலும் மறுப்பிலும்தான். "டஸ் ஹீ கோஸ்?" என்று கேட்பது தவறு. "டஸ் ஹீ கோ?" என்பதே சரி. ஏன்? 'டூ' என்பது 'டஸ்' ஆனபோதே அந்த 'எஸ்' அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றிய தொகை பழைய கணக்கிலும் இருக்க முடியாதல்லவா? இறந்த காலத்திலும் இதே கதை. "டிட் ஹீ வென்ட்?" இல்லை, "டிட் ஹீ கோ?" இறந்த காலத்தை 'டிட்' எடுத்துக்கொண்டுவிட்டது. இது ஒன்று மனதில் பதிந்தால் நிறைய வாக்கியங்கள் தாமாகவே நேராகிவிடும்.

5. காலம்: தமிழிலேயே இருக்கிறது

பன்னிரண்டு டென்ஸ் என்று கட்டம் போட்ட அட்டவணையைப் பார்த்ததும் தலை சுற்றும். 'வா' என்ற ஒரு வினையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தினமும் வருகிறான் – ஹீ கம்ஸ் டெய்லி.
வந்துகொண்டிருக்கிறான் – ஹீ இஸ் கமிங்.
வந்தான் – ஹீ கேம்.
வந்துகொண்டிருந்தான் – ஹீ வாஸ் கமிங்.
வந்திருக்கிறான் – ஹீ ஹாஸ் கம்.
வந்திருந்தான் – ஹீ ஹாட் கம்.
வருவான் – ஹீ வில் கம்.

தொடக்கத்துக்கு இந்த ஏழு போதும். மீதி ஐந்தும் இவற்றின் கலவைதான். 'கொண்டிரு' வரும் இடத்தில் 'இஸ்' அல்லது 'வாஸ்', அதோடு 'இங்'. 'வந்து' உடன் 'இரு' மட்டும் சேர்ந்தால் 'ஹாஸ்' அல்லது 'ஹாட்', அதோடு வினையின் மூன்றாம் வடிவம். அவ்வளவுதான்!

கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, தமிழில் "வருகிறான்" என்பது தினமும் வருவதற்கும் இப்போது வருவதற்கும் பொது. இங்கிலீஷ் இரண்டையும் பிரிக்கும். இரண்டாவது, "நேற்றே வந்திருக்கிறான்" என்று தமிழில் சொல்லலாம். "ஹீ ஹாஸ் கம் எஸ்டர்டே" என்று இங்கிலீஷில் சொல்லக் கூடாது. நேற்று, போன வருடம் என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் "ஹீ கேம்" மட்டுமே.

மூன்றாவது கொஞ்சம் சுவாரஸ்யமானது. "ஐ ஆம் ஹாவிங் எ பிரதர்" என்று பலர் சொல்கிறார்கள். இதைத் தமிழில் அப்படியே சொல்லிப் பாருங்கள்: "எனக்கு ஒரு தம்பி இருந்துகொண்டிருக்கிறான்." யாராவது இப்படிப் பேசுவார்களா? தமிழில் 'கொண்டிரு' போட்டால் காதில் உறுத்துகிறது என்றால், பெரும்பாலும் இங்கிலீஷிலும் 'இங்' உறுத்தும். ஆக, சந்தேகம் வந்தால் தமிழ்க் காதையே கேட்கலாம்!

6. 'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியங்கள்

எனக்கு ஒரு தம்பி. எனக்குப் பசிக்கிறது. எனக்குத் தெரியும். எனக்குப் பிடிக்கும். தமிழில் எல்லாம் 'எனக்கு'. 'கு' உருபைப் பார்த்ததும் "டு மீ" என்று தொடங்கினால் வாக்கியம் அங்கேயே நின்றுவிடும். இங்கிலீஷ் இந்த 'எனக்கு'வை 'ஐ' ஆக்கி எழுவாய் நாற்காலியில் உட்கார வைத்துவிடும்: ஐ ஹாவ் எ பிரதர். ஐ ஆம் ஹங்க்ரி. ஐ நோ. ஐ லைக் இட்.

உணர்ச்சி, உடல்நிலை, உறவு, உடைமை, அறிவு பற்றித் தமிழில் 'எனக்கு' என்று நினைத்தால், இங்கிலீஷில் 'ஐ' என்று வாயைத் திறங்கள். அடுத்த சொல் தானாக வரும்.

7. பின்னால் ஒட்டுவது முன்னால் நிற்கும்

வீட்டில், பஸ்ஸில், மேஜையில். தமிழில் எல்லாவற்றுக்கும் 'இல்' போதும். இங்கிலீஷில் அது பெயருக்கு முன்னால் வரும். அதோடு இன், ஆன், அட் என்று மூன்றாகவும் பிரியும்.

நேரத்துக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. பெரிய பையில் இருந்து சின்னப் பைக்குப் போங்கள். வருடம், மாதம் என்றால் 'இன்': இன் மார்ச். நாள், தேதி என்றால் 'ஆன்': ஆன் மண்டே. மணி என்றால் 'அட்': அட் டென். இடத்துக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். ராஜபாளையத்தில் என்றால் 'இன் ராஜபாளையம்'. பஸ் ஸ்டாண்டில் என்றால் 'அட் தி பஸ் ஸ்டாண்ட்'. மேஜையின் மேல் என்றால் 'ஆன் தி டேபிள்'. கார் என்றால் 'இன் எ கார்', பஸ் என்றால் 'ஆன் தி பஸ்' என்பது போன்ற சில வழக்கங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும். இது ஒன்றுதான் இந்தப் பட்டியலில் கொஞ்சம் பிடிவாதக்காரப் பிள்ளை.

8. எ, அன், தி

தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை என்பார்கள். அப்படியா? "ஓர் ஊர்", "ஒரு நகரம்". உயிரெழுத்துக்கு முன் 'ஓர்' என்று படித்தது நினைவிருக்கிறதா? 'அன்', 'எ' இரண்டும் அதே கணக்குதான். ஒரே ஒரு வித்தியாசம். அங்கே எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்க வேண்டும். "எ பி.காம். ஸ்டூடன்ட்", ஆனால் "அன் எம்.காம். ஸ்டூடன்ட்". 'எம்' என்று சொல்லும்போது முதலில் வாயில் வருவது 'எ' என்ற உயிரொலி. "அன் ஹவர்", ஆனால் "எ யூனிவர்சிட்டி". யூனிவர்சிட்டி எழுத்தில் உயிராகத் தொடங்கினாலும் வாயில் 'ய'கரம்தான் வருகிறது.

'தி' எங்கே வரும்? இதற்கும் தமிழிலேயே ஒரு சாவி இருக்கிறது. "அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கினான்." ஏதோ ஒரு பால்கோவா. "அண்ணன் பால்கோவாவைச் சாப்பிட்டுவிட்டான்." எந்தப் பால்கோவா? வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த, பிரிட்ஜில் வைத்திருந்த அந்தப் பால்கோவா! இப்படி அஃறிணைப் பெயரில் 'ஐ' சேர்ந்ததும் ஒரு குறிப்பிட்ட பொருள் என்ற அர்த்தம் பெரும்பாலும் வந்துவிடுகிறது. அந்த இடத்தில் இங்கிலீஷ் 'தி' போடும். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் எது என்று தெரிந்திருந்தால் 'தி', தெரியாவிட்டால் 'எ'. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. ஆனால் தொடங்குகிறவருக்குப் பாதி வழி காட்டிவிடும்.

இலக்கணம் தெரிந்தால் மட்டும் போதுமா?

போதாது. இதைத் தமிழ்நாட்டின் அனுபவமே சொல்கிறது.

ஆங்கில இலக்கணம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ரென் அண்ட் மார்ட்டின். 1930களில் வந்த புத்தகம். பி.சி. ரென் இந்தியாவில் கல்வித்துறையில் வேலை பார்த்தவர், 1924ல் வெளியான 'போ ஜெஸ்ட்' நாவலை எழுதியவரும் அவரே. புத்தகம் நல்ல புத்தகம்தான். விதி, உதாரணம், பயிற்சி எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஆனால் அது இந்தியா முழுவதற்கும் ஒரே புத்தகம். தமிழ் பேசுகிறவன் எந்த இடத்தில் தடுக்கி விழுவான் என்று அது தனியாகச் சொல்லாது.

அடுத்ததாக, 1950களின் இறுதியில் சென்னை மாகாணத்தில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தருவது திட்டம். சிலருக்குப் பயிற்சி, அவர்கள் பலருக்குப் பயிற்சி, அந்தப் பலர் இன்னும் பலருக்கு என்று உருண்டு போனதால் 'மெட்ராஸ் ஸ்னோபால்', அதாவது மெட்ராஸ் பனிப்பந்து என்று அதற்குப் பெயர். வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு அடுக்கி, ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது அந்த முறை.

பிறகு வந்தார் என்.எஸ். பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தவர். இத்தனை பயிற்சிக்குப் பிறகும் வகுப்புக்கு வெளியே மாணவர்களுக்கு ஏன் இங்கிலீஷ் வருவதில்லை என்ற கேள்வி எழுந்திருந்த காலம். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பள்ளிகளில் அவரும் உடனிருந்த ஆசிரியர்களும் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். வகுப்பில் இலக்கணப் பாடமே கிடையாது. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து எந்த ரயிலில் போனால் சரியாக இருக்கும் என்று கண்டுபிடிக்கச் சொல்வது, வரைபடத்தைக் கொடுத்து வழி கேட்பது என்று எல்லாமே வேலைகள். மாணவன் விடையைத் தேடும் மும்முரத்தில் இருக்கும்போது மொழி தானாக உள்ளே இறங்கும் என்பது பிரபுவின் எண்ணம். 1987ல் இதை அவர் புத்தகமாகவும் எழுதினார். மொழி கற்பித்தல் பற்றி உலகம் முழுவதும் பேசுகிறவர்கள் இன்றும் குறிப்பிடும் சோதனை அது.

இதற்குச் சாட்சி தேடி வெளியூர் போகவே வேண்டாம். ராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசி வளரும் பிள்ளைகளைப் பாருங்கள். எந்த இலக்கணப் புத்தகத்தை வைத்து இரண்டாவது மொழியைக் கற்றார்கள்? விளையாட வேண்டியிருந்தது, கடைக்குப் போக வேண்டியிருந்தது, சண்டை போட வேண்டியிருந்தது. மொழி வந்துவிட்டது! ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி மாதம் திருப்பாவை முப்பதையும் சொல்லும் சின்னப் பிள்ளைகளும் அப்படித்தான். காதில் விழுந்து விழுந்து நாக்கில் ஏறிவிட்டது. பொருள் மெதுவாகப் பிறகு வந்து சேர்ந்துகொள்கிறது.

அப்படியென்றால் இலக்கணம் எதற்கு? வீட்டிலும் தெருவிலும் இங்கிலீஷ் கேட்காத ஊரில், இருபது வயதில் தொடங்குகிற ஒருவருக்கு ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் அத்தனை வருடங்கள் கிடைக்காது. அங்கே இலக்கணம் ஒரு குறுக்கு வழி. ஆனால் நடந்தால்தான் அது வழி!

எப்படித் தொடங்கலாம்?

குறிப்பேட்டிலிருந்தே தொடங்கலாம். ஜர்னல் பதிவுக்குக் கீழே எழுதும் நரேஷன் ஒரு குட்டி இங்கிலீஷ் பாடம். "பீயிங் கூட்ஸ் சோல்ட் ஃபார் கேஷ்" என்று மனப்பாடமாக எழுதுவதோடு நிறுத்தாமல், அதை முழு வாக்கியமாக்கிப் பாருங்கள்: "தி கூட்ஸ் வேர் சோல்ட் ஃபார் கேஷ்." சரக்கு ரொக்கத்துக்கு விற்கப்பட்டது. தமிழில் 'படு' வரும் இடத்தில் இங்கிலீஷில் 'வாஸ்' அல்லது 'வேர்', அதோடு மூன்றாம் வடிவம். பேசிவ் வாய்ஸ் என்று பயமுறுத்துவது இதைத்தான். ஒரு நாளைக்குப் பத்துப் பதிவு எழுதினால் பத்து வாக்கியம் ஆயிற்று.

அடுத்தது, பஸ்ஸில் வரும் நேரம். ஜன்னல் வழியாகப் பார்ப்பதை மனசுக்குள் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வரலாம். ஒரு ஆள் நிற்கிறார், மாடு போகிறது, மழை வருகிறது, பஸ் நிற்கவில்லை. யாருக்கும் கேட்காது, யாரும் சிரிக்க மாட்டார்கள். வீட்டுக்குப் போனதும் அவற்றில் ஐந்தை எழுதி, மேலே உள்ள எட்டையும் வைத்துச் சரிபாருங்கள். எழுவாய் இருக்கிறதா? வினை இருக்கிறதா? 'எஸ்' ஒரே இடத்தில் இருக்கிறதா? இருப்பாய்வு போடுவது மாதிரிதான். டேலி ஆகாவிட்டால் எங்கே விட்டோம் என்று தேடுவோமே தவிர, கணக்கே வராது என்று பேரேட்டைத் தூக்கி எறிவதில்லையே!

மூன்றாவது, இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு பேச்சு வைத்துக்கொள்ளலாம். தினமும் அரை மணி நேரம் இங்கிலீஷ் மட்டும். தப்பு வந்தால் சிரிக்கலாம், ஆனால் எல்லோரும் சேர்ந்து சிரிக்க வேண்டும். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்களைக் கேட்டால் தெரியும், இழை அறுவது தறியில் சகஜம். அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டுவிட்டு மேலே நெய்வார்கள்.

வகுப்பில் விடை தெரிந்தும் கையைத் தூக்காமல் இருக்கும் நண்பர்களுக்குக் கடைசியாக ஒன்று. முழு வாக்கியமும் மனசுக்குள் சரியாக அமைந்த பிறகுதான் எழுந்திருக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். எழுவாயையும் வினையையும் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிடுங்கள். இன், ஆன், அட் எல்லாம் நாலு தடவை தப்பாக வந்து ஐந்தாவது தடவை சரியாகிவிடும். விடை தெரியும் என்பது முதலில் எல்லோருக்கும் தெரியட்டும்.

வாழ்த்துக்கள் நண்பர்களே!